ஒரே பெயர், வேறு மெமரி: குறைந்த பட்ஜெட்டில் எந்த கிராபிக்ஸ் கார்டு?

அக்கா மகன் ஒரு கடையில் நின்றுகொண்டு இரண்டு படங்கள் அனுப்பினான். இரண்டுமே என்விடியாவின் ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டின் பெட்டிகள். ஒன்றில் "2 ஜிபி ஜிடிடிஆர்5" என்றும் மற்றதில் "4 ஜிபி டிடிஆர்4" என்றும் போட்டிருந்தது. கூடவே ஒரு வரி: "மாமா, நாலு ஜிபி எடுத்துடட்டுமா?" உடனே கூப்பிட்டு, பணம் கொடுக்காமல் கொஞ்சம் பொறு என்றேன்.

அவனுக்கு வந்த குழப்பம் பலருக்கும் வருகிறது. பெயர் ஒன்று, சிப் ஒன்று, ஜிபி மட்டும் இரண்டு மடங்கு. அப்படியானால் 4 ஜிபிதானே நல்லது? இல்லை. அந்த 4 ஜிபி கார்டு, ஆட்டங்களில் 2 ஜிபி கார்டின் பாதி வேகத்தைத்தான் பல இடங்களில் தரும். ஏன் என்பதை அவனுக்குப் போனில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அவனுடைய கம்ப்யூட்டரையும் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு கார்டையும் அதில் பொருத்திப் பார்க்க வசதியாக இருக்கும். ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஒல்லி கேபினட். நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர். 8 ஜிபி ரேம், அதுவும் ஒரே ஸ்டிக். கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி மின் கனெக்டர் இல்லாத சின்ன எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி). விஜிஏ கேபிள் மட்டும் ஏற்கும் பழைய மானிட்டர்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பேண்ட்விட்த், அதாவது மெமரிக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு எவ்வளவு தகவல் போகும் என்ற அளவு. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் கார்டின் கோர்கள், கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள். அண்டாவில் இருக்கும் சோறு மெமரியின் ஜிபி. அண்டா எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பரிமாற ஆள் போதவில்லை என்றால் இலை காலியாகத்தான் கிடக்கும். பரிமாறுபவர்களின் எண்ணிக்கை பஸ் அகலம்: 64 பிட் என்றால் 64 பேர். அவர்கள் எவ்வளவு விறுவிறுப்பாக நடக்கிறார்கள் என்பதை மெமரியின் வகை சொல்கிறது.

கணக்கு எளிது. ஒரு தடத்தின் (பஸ்ஸின் ஒரு பிட், பந்தியில் ஓர் ஆள்) வேகத்தைப் பஸ் அகலத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் பேண்ட்விட்த் வந்துவிடும். ஜிடிடிஆர்5 வைத்த ஜிடி 1030இல் ஒரு தடம் நொடிக்கு 6 ஜிகாபிட் தருகிறது. 6 பெருக்கல் 64, வகுத்தல் 8. நொடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 வைத்ததில் ஒரு தடம் 2.1 ஜிகாபிட்தான். அதே 64 பிட் பஸ்ஸில் கிடைப்பது நொடிக்கு 16.8 ஜிபி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

டிடிஆர் மோசமான மெமரி என்று இதற்கு அர்த்தமில்லை. அது பிராசசருக்காகச் செய்தது. பிராசசர் சின்னச் சின்னத் தகவலைக் கேட்கும், அது சீக்கிரம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். கிராபிக்ஸ் சிப்பின் வேலை வேறு. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் வரைகிறது. ஒரு தகவல் வரத் தாமதமானால் அதற்குள் வேறு புள்ளியைக் கவனித்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது மொத்தமாக நிறைய வந்துகொண்டே இருப்பது. ஜிடிடிஆர் அதற்கென்றே வடிவமைத்த மெமரி.

இரண்டாவது, கோர்களுக்கு ஏற்ற அளவு வருகிறதா. பேண்ட்விட்த் கூடக் கூட வேகமும் அதே விகிதத்தில் ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா இலையிலும் சோறு விழுந்த பிறகு, பரிமாற இன்னும் பத்துப் பேரை இறக்கினாலும் யாரும் வேகமாகச் சாப்பிடப் போவதில்லை. ஜிடி 1030இல் 384 கோர்கள். ஜிடிடிஆர்5 என்றால் ஒரு கோருக்கு நொடிக்கு 125 எம்பி வருகிறது, டிடிஆர்4 என்றால் 44 எம்பிகூட வருவதில்லை. ஜிடிஎக்ஸ் 1650இல் 896 கோர்கள், ஜிடிடிஆர்5 பதிப்பில் ஒரு கோருக்கு 143 எம்பி. ஒரு நல்ல கார்டில் விகிதம் எப்படி இருக்கும் என்பது இதிலிருந்து புரியும். இந்தக் கணக்கை ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த தலைமுறைகளுக்குள் மட்டும் போடுங்கள். கோரை எண்ணும் முறையே பிற்பாடு மாறிவிட்டது.

மூன்றாவது, ஜிபி. இதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் முதல் இரண்டும் சரியாக இருந்தால்தான். வேகமான கார்டில் 4 ஜிபி தீர்ந்துபோவது உண்மையான பிரச்சினை. டிடிஆர்4 வைத்த ஜிடி 1030இல் 4 ஜிபியை நிரப்பும் அளவுக்கு ஓர் ஆட்டத்தின் தரத்தை ஏற்றினால், அதற்கு வெகு முன்பே பிரேம்கள் திக்க ஆரம்பித்துவிடும்.

கடைசியாக, கார்டுக்கு வெளியே ஆகும் செலவு. எஸ்எம்பிஎஸ், கேபினட் உயரம், மதர்போர்டின் பிசிஐஇ (கார்டைச் செருகும் ஸ்லாட்) தலைமுறை, மானிட்டர் கேபிள், டிரைவர் இன்னும் எத்தனை வருடம் வரும் என்பது. பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

| கார்டு | மெமரி | பஸ் (பிட்) | ஒரு தடம் (ஜிகாபிட்/நொடி) | பேண்ட்விட்த் (ஜிபி/நொடி) | மின்சாரம் (வாட்) |
|---|---|---|---|---|---|
| ஜிடி 730 (384 கோர்) | டிடிஆர்3 | 64 | 1.8 | 14.4 | 23 |
| ஜிடி 730 (384 கோர்) | ஜிடிடிஆர்5 | 64 | 5 | 40 | 25 |
| ஜிடி 1030 | டிடிஆர்4 | 64 | 2.1 | 16.8 | 20 |
| ஜிடி 1030 | ஜிடிடிஆர்5 | 64 | 6 | 48 | 30 |
| ஜிடிஎக்ஸ் 1650 | ஜிடிடிஆர்5 | 128 | 8 | 128 | 75 |
| ஜிடிஎக்ஸ் 1650 | ஜிடிடிஆர்6 | 128 | 12 | 192 | 75 |
| ஆர்எக்ஸ் 6400 | ஜிடிடிஆர்6 | 64 | 16 | 128 | 53 |
| ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி | ஜிடிடிஆர்6 | 64 | 18 | 144 | 107 |
| ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி | ஜிடிடிஆர்6 | 96 | 14 | 168 | 70 |
| ஆர்டிஎக்ஸ் 3050, 8 ஜிபி | ஜிடிடிஆர்6 | 128 | 14 | 224 | 130 |

## ஜிடி 730

2014இல் வந்த கார்டு. ஒரே பெயரில் மூன்று விதமாக விற்றார்கள். இரண்டு அட்டவணையில் இருக்கின்றன. மூன்றாவது, வெறும் 96 கோர் கொண்ட இன்னும் பழைய சிப்பில் 128 பிட் டிடிஆர்3 மெமரி வைத்தது. அதன் பேண்ட்விட்த் 28.8 ஜிபி. பெட்டியில் "128 பிட்" என்று பார்த்ததும் இதுதான் உசத்தி என்று தோன்றும். பரிமாற ஆள் இருக்கிறார்கள், பந்தியில்தான் ஆள் இல்லை. போதாததற்கு 49 வாட் மின்சாரம் வேறு எடுக்கும்.

4 ஜிபி டிடிஆர்3 வைத்த ஜிடி 730 கார்டுகளும் சந்தையில் உண்டு. ஆட்டத்துக்காக அதை வாங்குவதில் எந்தப் பொருளும் இல்லை. இந்தக் கார்டுகளுக்கு என்விடியா புதிய டிரைவர் தருவதையே நிறுத்திவிட்டது.

ஒரே ஓர் இடத்தில் இது உதவும். இதில் விஜிஏ வெளியீடு உண்டு. பழைய மானிட்டரில் படம் வந்தால் போதும் என்றால், யாராவது சும்மா கொடுத்தால், வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

## ஜிடி 1030, டிடிஆர்4

ஜிடிடிஆர்5 மெமரியோடு ஜிடி 1030 வந்தது 2017 மே மாதம். அதன் விமர்சனங்கள், வேகச் சோதனைகள், யூடியூப் வீடியோக்கள் எல்லாம் அந்தப் பதிப்பை வைத்துச் செய்தவை. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 பதிப்பு வந்தது. மெமரியோடு சிப்பின் வேகமும் குறைந்தது: உச்ச வேகம் 1468 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1379க்கு இறங்கியது. பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. வாங்குபவர் 2017இன் விமர்சனத்தைப் படித்துவிட்டு 2018இன் கார்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இது எனக்கு இன்றும் கோபம் வரவழைக்கும் விஷயம், ஏனென்றால் இந்த விலையில் கார்டு தேடுபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், ஒருமுறை ஏமாந்தால் இன்னொரு கார்டு வாங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர்கள்.

இது பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. இன்டெல்லில் பெயர் "எஃப்" என்று முடியும் பிராசசர்களில் கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் படம் வரவே ஒரு கார்டு வேண்டும். கணக்கு வழக்கு, இணையம், வீடியோ என்று மட்டும் ஓடும் கம்ப்யூட்டருக்கு 20 வாட்டில், விசிறிச் சத்தம் இல்லாமல் ஓடும் கார்டு கிடைத்தால் நல்லதுதான். ஆட்டம் என்ற சொல் வந்துவிட்டால் இதைத் தொட வேண்டாம்.

## ஜிடி 1030, ஜிடிடிஆர்5

அக்கா மகனிடம் கையில் இருந்த இரண்டில் ஒன்று என்றால் இதை எடு என்று சொன்னேன். 30 வாட், மின் கனெக்டர் தேவையில்லை, ஒல்லி கேபினட்டுக்கான அரை உயரப் பதிப்புகள் உண்டு. வேலரன்ட், ஜிடிஏ 5 போன்ற ஆட்டங்களைத் தரத்தைக் குறைத்து வைத்து விளையாடலாம். 2 ஜிபி என்பதால் இன்றைய பெரிய ஆட்டங்கள் எட்டாது.

மறைந்திருக்கும் செலவுகளைக் கவனியுங்கள். இந்தத் தலைமுறையில் விஜிஏ இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும். சாதாரணக் கேபிள் போதாது, உள்ளே சின்ன சிப் இருக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். அடுத்து, ஆட்டத்தைப் பதிவுசெய்து யூடியூபில் போட ஆசைப்படுபவர்களுக்கு: இந்தச் சிப்பில் வீடியோவைப் பதிவுசெய்யும் என்கோடர் கிடையாது, அந்தச் சுமை முழுக்க பிராசசர் தலையில் விழும்.

டிரைவர் விஷயம் எல்லாவற்றையும்விடப் பெரியது. இந்தக் கார்டின் தலைமுறைக்குப் புது ஆட்டங்களுக்கான டிரைவரை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஆகவே புதுக் கார்டின் விலை கொடுத்து இதை வாங்க இப்போது எனக்கு மனம் வராது. செகண்ட் ஹேண்டில், மலிவாக, பழைய ஆட்டங்களுக்காக என்றால் சரி.

## ஜிடிஎக்ஸ் 1650, இரண்டு மெமரி

இங்கே கதை மாறுகிறது. 2019 ஏப்ரலில் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மறு வருடம் ஜிடிடிஆர்6 பதிப்பு வந்தது. பேண்ட்விட்த் 128இலிருந்து 192க்கு ஏறியது, அதாவது ஒன்றரை மடங்கு. ஆனால் ஆட்டங்களில் கிடைத்த கூடுதல் வேகம் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள்தான்.

முன்னால் சொன்ன பந்திக் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். ஒரு கோருக்கு 143 எம்பி என்பது ஏற்கெனவே கிட்டத்தட்டப் போதுமானது. அதோடு, மொத்த மின்சாரம் அதே 75 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் புதுப் பதிப்பில் சிப்பின் உச்ச வேகத்தை 1665இலிருந்து 1590 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தார்கள். மெமரி தந்ததில் ஒரு பகுதியைச் சிப் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அதனால் ஜிடி 1030 வாங்கும்போது மெமரி வகைக்காக எவ்வளவு தூரம் அலைந்தாலும் தகும். ஜிடிஎக்ஸ் 1650 வாங்கும்போது அப்படி அலைய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே விலை என்றால் ஜிடிடிஆர்6 எடுங்கள். விலை வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் ஜிடிடிஆர்5 போதும், மிச்சப் பணத்துக்கு ரேம் வாங்குங்கள்.

75 வாட் என்பது பிசிஐஇ ஸ்லாட்டே கொடுக்கும் மின்சாரம். ஆனால் சில மாடல்களில் வேகத்தைக் கூட்டி 6 பின் கனெக்டர் வைத்திருக்கிறார்கள். கனெக்டர் இல்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் படத்தை உற்றுப் பார்த்து வாங்குங்கள். அரை உயரப் பதிப்பு உண்டு, அது பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இடம் பிடிக்கும்.

## ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400

ஏஎம்டியின் இந்த இரண்டும் 2022இல் வந்தவை. ஜிடிடிஆர்6 என்பதைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இவற்றைவிட நல்ல உதாரணம் இல்லை. மெமரி மிக வேகமானது, ஆனால் பஸ் 64 பிட்தான். அந்தக் குறையை ஈடுகட்ட சிப்புக்குள்ளேயே 16 எம்பி கேஷ் வைத்தார்கள். அடிக்கடி தேவைப்படுவது அங்கேயே கிடைப்பதால், அட்டவணையில் தெரியும் எண்ணைவிட இவை நன்றாகவே ஓடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டும் மதர்போர்டோடு பேசுவது நான்கே பிசிஐஇ தடங்களில். பிசிஐஇ 4.0 என்றால் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி போகும். 3.0 போர்டில் அது 4 ஜிபியாகச் சுருங்கும். கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பிய பிறகு வேண்டிய தகவல் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இந்த வழியாகத்தான் வர வேண்டும். மண்டபத்து அண்டா தீர்ந்துபோய் அடுத்த தெருவிலிருந்து சோறு கொண்டுவருவது மாதிரி. அந்த நேரத்தில் பழைய போர்டுகளில் ஆட்டம் நன்றாகவே திணறும்.

இன்டெல்லில் 11ஆம் தலைமுறையிலிருந்துதான் பிசிஐஇ 4.0. ரைசன் 5 5600ஜி பிராசசர் வைத்திருப்பவர்களுக்கும் 3.0தான் கிடைக்கும், போர்டு எவ்வளவு புதியதாக இருந்தாலும். அக்கா மகனின் நான்காம் தலைமுறை ஐ5 போன்றவற்றுக்கு இவை பொருந்தாது. மேலும் 6500 எக்ஸ்டிக்கு 6 பின் கனெக்டர் வேண்டும். வீடியோ என்கோடர் இரண்டிலும் இல்லை.

புதிய பிசிஐஇ 4.0 போர்டு, ஆட்டத்தின் தரத்தை 4 ஜிபிக்குள் அடக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம், நல்ல தள்ளுபடி. மூன்றும் சேர்ந்தால் 6500 எக்ஸ்டி நல்ல கார்டு.

## ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி

2024 பிப்ரவரியில் வந்தது. 2022இல் வந்த 8 ஜிபி கார்டோடு பெயரைப் பகிர்ந்துகொள்கிறது. கோர்கள் 2560இலிருந்து 2304, பஸ் 128இலிருந்து 96 பிட். 8 ஜிபி கார்டின் சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு இதை வாங்கக் கூடாது.

ஆனால் ஜிடி 1030 போல இது ஏமாற்றும் கார்டு இல்லை. 70 வாட்டில், மின் கனெக்டர் இல்லாமல், 6 ஜிபியோடு, இன்னும் டிரைவர் வந்துகொண்டிருக்கும் கார்டு என்பது பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய வரம். அரை உயரப் பதிப்பும் உண்டு. பட்ஜெட் இங்கே வரை நீளும் என்றால் நான் வேறெதையும் பார்க்க மாட்டேன். 8 ஜிபி கார்டுக்குத் தெம்பான எஸ்எம்பிஎஸ் வேண்டும், அதையும் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

இன்டெல்லின் ஆர்க் ஏ380ஐயும் சிலர் கேட்பார்கள். 6 ஜிபி, 96 பிட், நொடிக்கு 186 ஜிபி. ஏவி1 என்ற புதிய வகை வீடியோவைப் பதிவுசெய்யவும் தெரியும், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு அருமை. மதர்போர்டில் ரீசைசபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக விடுவது) இல்லையென்றால் ஆட்டங்களில் வேகம் விழுந்துவிடும். பழைய கம்ப்யூட்டர்காரர்கள் விட்டுவிடலாம்.

## கார்டே வாங்காமல் ஒரு வழி

ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர்களின் உள் கிராபிக்ஸ், கம்ப்யூட்டரின் ரேமையே தன் மெமரியாக எடுத்துக்கொள்கிறது. 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக் என்றால் நொடிக்கு 25.6 ஜிபி. அதே அளவை இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் 51.2 ஜிபி. பிராசசரும் அதில் பங்கு கேட்கும் என்றாலும், ஜிடி 1030 டிடிஆர்4 கார்டின் 16.8ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஆகவே இப்படிப்பட்ட பிராசசர் வைத்திருந்து, ஆட்டம் திக்குகிறது என்று சின்னக் கார்டு தேடுபவர்கள் முதலில் கேபினட்டைத் திறந்து ரேமை எண்ணுங்கள். ஒரே ஸ்டிக் இருந்தால், அதே வேகத்தில் இன்னொன்று வாங்கிப் போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்டில் போடுங்கள். கார்டு செலவு பல பேருக்கு அதோடு முடிந்துவிடும்.

## கடையில் நிற்கும்போது

பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ஜிபி இருக்கும். உங்களுக்கு வேண்டியது பக்கவாட்டு ஸ்டிக்கரில் சின்ன எழுத்தில் இருக்கும் மாடல் எண். உதாரணமாக, கிகாபைட்டின் ஜிடி 1030 மாடல் எண்ணில் 1030ஐ அடுத்து "டி5" என்று வந்தால் ஜிடிடிஆர்5, "டி4" என்று வந்தால் டிடிஆர்4. எம்எஸ்ஐயும் மாடல் பெயரில் "2ஜிடி4" என்பதுபோல் குறிக்கிறது. அந்த எண்ணைப் போனில் தட்டி, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மெமரி வகை, பஸ் அகலம் இரண்டையும் பாருங்கள். ஆன்லைனில் வாங்குபவர்கள் தலைப்பை நம்பாமல் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பெட்டியே இருக்காது. கார்டை ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் மெமரி வகை, பஸ் அகலம், பேண்ட்விட்த் மூன்றையும் ஒரே திரையில் காட்டும். பத்து வருடத்துக்கும் முந்தைய சிப்பில் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி, புதிய கார்டின் பெயரைக் காட்ட வைத்து விற்கும் மோசடியும் நடக்கிறது. அப்படிப்பட்ட பல கார்டுகளை ஜிபியு-இசட் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடும். போட்டுக் காட்ட விற்பவர் தயங்கினால் வந்துவிடுங்கள்.

அக்கா மகன் அன்று இரண்டு பெட்டியையும் வைத்துவிட்டு வந்தான். மூன்று வாரம் தேடி, அரை உயர ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பிடித்தான், ஜிடிடிஆர்5 பதிப்பு. பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் திரையைப் படம் பிடித்து அனுப்பினான்: 128 பிட், நொடிக்கு 128 ஜிபி. "எடுத்துக்கோ" என்றேன். "விஜிஏ கன்வெர்ட்டரும் இங்கயே வாங்கிடறேன் மாமா" என்றான்.